அரசரின் பந்தியும் கொலைவாளும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்திராயிருப்பும் அதனையடுத்து வ. புதுப்பட்டியும் அமைந்துள்ளன. அவற்றுக்கு அருகிலுள்ள அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்கு ஒரு கோயில் உண்டு. பஞ்சத்தினால் மானாமதுரையை விட்டு, ஏழு பிள்ளைகளுடன் தமையன் வீட்டைத் தேடி இவ்வூருக்கு வந்தவள் நல்லதங்காள் என்று கதை கூறும். தமையன் வேட்டைக்குப் போயிருந்தான். வீட்டில் நெல் இல்லாமற் போகவில்லை. ஆனால் அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தினாள். பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்துவிட்டுத் தாயும் வீழ்ந்து மாண்டாள். இக்கதையில் வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று பிரித்துரைப்பது நம் நோக்கமன்று. பஞ்சத்தைக் கண்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக மறவாது காத்துவந்த செய்தி ஒன்று அதில் உண்டு. அவர்கள் நினைவில் நின்றது மழை பொய்த்த வானம் அன்று. உணவு இருந்த வீட்டின் சாத்திய கதவே நின்றது.

கொடுங்கோலரின் வரலாற்றைப் பயில்வோர்க்கு இதனோடு ஒத்த ஒரு காட்சி மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றது. கொலையும் விருந்தும் ஒரே கூரையின் கீழ், சில வேளைகளில் ஒரே பந்தியில், நிகழ்கின்றன. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எளிதானது: நாவை அடக்காதவன் கையையும் அடக்கான், மிதமிஞ்சிய ஊணும் மிதமிஞ்சிய கொடுமையும் ஒரே இச்சையின் இரு கிளைகள் என்பர். நம் பிரசங்கங்களிலும் இவ்விளக்கம் அடிக்கடி கேட்கப்படுவதே. ஆயினும் அது போதுமானதாக நமக்குத் தோன்றவில்லை. பெருந்தீனிக்காரர் பலர் ஓர் எறும்புக்கும் தீங்கு செய்தவர் அல்லர். கொடுங்கோலனின் பந்தியில் அவன் எவ்வளவு உண்டான் என்பதை விட, அவனோடு யார் உண்டனர், அவர்கள் ஏன் எழுந்து போகவில்லை என்னும் வினாக்களே நம் சிந்தனைக்கு உரியவை.

இதற்குரிய மிகத் தெளிவான சான்று நமக்கு மதுரையிலிருந்தே கிடைக்கின்றது. 1335-ஆம் ஆண்டளவில் டில்லியின் ஆதிக்கத்திலிருந்து பிரிந்து தோன்றிய மதுரைச் சுல்தானியம் அரை நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை. அதன் சுல்தான்களுள் ஒருவனாகிய கியாசுத்தீன் தாமகானியின் அவைக்கு, இலங்கையிலிருந்து வந்த மொராக்கோ நாட்டுப் பயணியாகிய இபுன் பதூதா 1344-ஆம் ஆண்டையொட்டி வந்து சேர்ந்தார். அவர் வெறும் விருந்தினர் அல்லர், உறவினரும் ஆவார். மதுரையின் முதற் சுல்தானாகிய ஜலாலுத்தீன் அசன் ஷாவின் மகள் ஒருத்தியை அவர் டில்லியில் மணந்திருந்தார். மற்றொரு மகள் கியாசுத்தீனின் மனைவி. ஆகவே அவர் எழுதியது பகைவன் கூற்றென்று ஒதுக்கற்பாலது அன்று.

அவர் எழுதியவற்றுள் ஒன்று இது. ஒரு நாள் சுல்தான் உணவு அருந்திக்கொண்டிருந்தான். வலப்பக்கத்தில் காஜியும், இடப்பக்கத்தில் இபுன் பதூதாவும் அமர்ந்து உடன் உண்டனர். அப்பொழுது பிடிபட்ட ஒருவன் அவன் முன் நிறுத்தப்பட்டான். அவனோடு அவன் மனைவியும் ஏழு வயது மகனும் இருந்தனர். சுல்தான் கொலையாளர்க்குக் கையால் சைகை காட்டினான். பின்பு மனைவியையும் மகனையும் சேர்க்கும்படி சொன்னான். இபுன் பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன.

அதே சுல்தானின் படை காட்டினூடே சென்றபோது நடந்ததையும் அவர் மறைக்கவில்லை. பிடிபட்டவர்கள் இருமுனையும் கூராக்கப்பட்ட கழிகளைத் தாங்களே தோளிற் சுமந்து வந்தனர். மறுநாட் காலையில் பாளையத்தின் நான்கு வாயில்களிலும் அக்கழிகளிலேயே கழுவேற்றப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் தப்பவில்லை. கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்ட முதியவராகிய ஓய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் சிறைப்பட்டுக் கொல்லப்பட்டபின், அவர் தோல் உரிக்கப்பட்டு வைக்கோல் திணிக்கப்பட்டு மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டது. அதனையும் இபுன் பதூதா தம் கண்ணாற் கண்டதாகக் கூறுகிறார்.

இந்நிகழ்ச்சிகளை ஒரு சமயத்தின் மேல் சுமத்தி எழுதுவோர் உளர். சான்றையே அவர்கள் கவனமாக வாசிக்கவில்லை என்போம். இக்கொடுமைகளைக் கடுமையாகக் கண்டித்து, வேறெந்த அரசனிடத்தும் தாம் அறியாத இழிசெயல் இது என்றும், இதன்பொருட்டே கடவுள் அவன் முடிவை விரைவுபடுத்தினார் என்றும் எழுதி வைத்தவர் அச்சமயத்தைச் சேர்ந்த சட்ட அறிஞரே. நம் தேவாலய வரலாற்றிலும் இத்தகைய சாட்சிகள் நமக்குப் பெரிதும் வேண்டியிருந்தனர் என்பதைப் பின்னர் காண்போம்.

ஆனால் அச்சாட்சியின் மறுபக்கமும் உண்டு. முகத்தைத் திருப்பிய இபுன் பதூதா அந்த அவையை விட்டு உடனே விலகிவிடவில்லை. மாலத்தீவுகளின் மேல் படையெடுக்கலாம் என்னும் யோசனையைச் சுல்தானிடம் அவரே கூறினார். சுல்தானும் அதற்கு இசைந்து கப்பல்களுக்கு ஆணையிட்டான். கண்டித்து எழுதியது பின்னர், பாதுகாப்பான தொலைவில், சுல்தான் மாண்ட பிறகு. பந்தியில் இருந்தபோது செய்ய இயன்றது முகத்தைத் திருப்புவது மட்டுமே. விருந்தில் இடம் பெற்றவன் எவ்வாறு கட்டுண்டு போகிறான் என்பதற்கு இதனினும் நேர்மையான சான்று அரிது.

யூத வரலாற்றாசிரியர் யோசேபு தரும் செய்தி இன்னும் கொடிது. அஸ்மோனிய அரசனாகிய அலெக்சாந்தர் யன்னேயு, தன்னை எதிர்த்த யூதர் எண்ணூறு பேரை எருசலேமிற் சிலுவையில் அறைந்து, அவர்கள் உயிரோடிருக்கையிலேயே அவர்களுடைய மனைவி மக்களை அவர்கள் கண்முன் வெட்டுவித்தான். அவனோ தன் மறுமனையாட்டிகளுடன் விருந்துண்டவாறே அதனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இது கி.மு. 88-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. அவன் அரசன் மட்டும் அல்லன். பிரதான ஆசாரியனும் அவனே என்பதை இறையியல் மாணவர் கருத்திற் கொள்ளுதல் நன்று. பலிபீடத்தில் நின்ற அதே கைகளே அப்பந்தியிலும் நீண்டன.

உரோமைப் பேரரசன் கலிகுலாவைப் பற்றி செனேக்கா கூறும் ஒரு செய்தியை நாம் எளிதில் மறத்தற்கில்லை. பாஸ்தோர் என்னும் பிரபுவின் மகனைக் கொல்வித்த பேரரசன், அதே நாளில் தந்தையை விருந்துக்கு அழைத்தான். தந்தை வந்தான். மாலை சூடினான், தனக்கு ஊற்றிய மதுவைப் பருகினான், முகத்திற் கடிந்துகொள்ளும் குறிப்பொன்றும் காட்டவில்லை. ஏன்? அவனுக்கு இன்னொரு மகன் இருந்தான். பின்னாளில் தொமித்தியன் கறுப்புப் பூசிய அறையொன்றில் பிரபுக்களை அமர்த்தி, ஒவ்வொருவர் அருகிலும் அவரவர் பெயர் பொறித்த கல்லறைக் கல் போன்றதொரு பலகையை நிறுத்தி விருந்திட்டானாம். அன்றிரவு எவரும் கொல்லப்படவில்லை. கொல்லப்படாமல் வீடு திரும்பியதே அவர்களுக்கு அளிக்கப்பட்ட பரிசு.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குங்கால், கொடுங்கோலனின் விருந்து அவனது ஆட்சியின் ஓர் உறுப்பு என்பது விளங்கும். அதனை அவனுடைய ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று கருதுதல் தவறு. சோறும் சாவும் ஒரே கையிலிருந்து வருகின்றன என்பதை அது கண்கூடாகக் காட்டுகிறது. மேலும், அவன் இலையில் உண்டவன் அவன் செயலுக்கும் பங்காளி ஆகிறான். வாயிற் கவளத்தை வைத்துக்கொண்டு கண்டிக்க இயலுமோ? உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்கலாகாது என்னும் நம் நாட்டு நல்லொழுக்கமே இங்குக் கொடுங்கோலனுக்குக் காவலாய் அமைந்துவிடுகிறது. பழந்தமிழில் விருந்து என்னும் சொல் புதுமையைக் குறித்தது. பின் புதிதாய் வந்தவரைக் குறித்தது. அதன்பின்னரே அவர்க்கு இடும் உணவுக்கு ஆயிற்று. அறியாதவனை அஞ்சாதிருக்கச் செய்வதே விருந்தின் முதற்பொருள். கொடுங்கோலன் அறிந்தவர்களையே அழைத்து அவர்களை அஞ்சச் செய்கிறான்.

மாற்கு சுவிசேடகர் இதனை நன்கு அறிந்திருந்தார். ஏரோதின் பிறந்தநாள் விருந்தைக் கூறுமிடத்து, அங்கு வந்திருந்தோர் இன்னின்னார் என்று அவர் எடுத்துரைக்கிறார்: பிரபுக்கள், சேனாதிபதிகள், கலிலேயாவின் தலைவர்கள். யோவான் ஸ்நானகனைக் கொல்ல ஏரோது விரும்பவில்லை, துக்கமும் அடைந்தான். ஆனால் பந்தியிருந்தவர்களின் முன்னிலையில் ஆணையிட்டுவிட்டான். அவர்களுள் ஒருவராவது வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னதாகச் சுவிசேடம் கூறவில்லை. தலை தாலத்தில் வந்தது. உணவு வரும் பாத்திரத்தில், உணவு வரும் வழியாகவே வந்தது. நம் ஆயர்கள் சலோமியின் நடனத்தைப் பற்றி நெடிது பேசுவர். மௌனமாயிருந்த விருந்தினரைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. குற்றத்திற் பெரும்பங்கு அம்மௌனத்துக்கு உரியதென்று நாம் கருதுகிறோம். அதே அதிகாரத்தில், சற்றே தள்ளி, வனாந்தரத்துப் பசும்புல்லின் மேல் ஐயாயிரம்பேர் நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் பந்தியிருக்கின்றனர். அங்கு எவருடைய தகுதியும் எழுதப்படவில்லை. திருநெல்வேலிச் சபைகளில் ஊரார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அசனப் பண்டிகையைக் கண்டவர்கள் இவ்வேறுபாட்டை விரிவுரை இன்றியே உணர்வர். கொரிந்து சபையிலோ அந்த அசனமும் கெட்டுப்போயிற்று. உள்ளவர்கள் முந்தி உண்ண, இல்லாதவர்கள் பசித்திருந்தனர். பவுலடிகள் அவர்களைக் கடிந்தெழுதிய பகுதியிலேயே திருவிருந்தை ஏற்படுத்திய வரலாறும் இடம் பெற்றிருப்பது தற்செயல் அன்று.

நம் இலக்கியமும் இப்பொருளுக்குப் புறம்பானதன்று. முதற் குலோத்துங்கனின் படை பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தை அழித்ததைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். அதன் முடிவில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களையும் குருதியையும் கொண்டு கூழ் அட்டுக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்கின்றன. சங்க காலத்துக் களவேள்விப் பாடல்களிலேயே இம்மரபின் வேர் உண்டு. இது பரணியின் இலக்கண மரபு; உண்மை நிகழ்ச்சியன்று என்பர் புலவர். அஃது உண்மையே. ஆயினும் வென்ற அரசனைப் புகழப் புகுந்த புலவர்க்கு, அடுக்களையைத் தவிர வேறு உவமை ஏற்றதாகத் தோன்றவில்லை என்பதும் உண்மை. அப்பேய்களின் நகைச்சுவையைப் படித்து நாம் இன்புறுகிறோம்; கலிங்கத்தான் எவ்வாறு படித்திருப்பான் என்று எண்ணுவதில்லை.

திருச்சபை இத்தகைய பந்திகளில் அமர்ந்ததுண்டா? உண்டு. 325-ஆம் ஆண்டில் நிசேயா மாநாடு கூடியபோது, கொன்ஸ்தந்தீன் பேரரசன் தன் ஆட்சியின் இருபதாம் ஆண்டு விழாவை ஒட்டிப் பேராயர்களுக்குப் பெருவிருந்து அளித்தான். உருவிய வாளுடன் நின்ற மெய்காவலர் நடுவே பேராயர்கள் அச்சமின்றி அரண்மனையின் உட்கட்டுக்குச் சென்று உடன் பந்தியமர்ந்தனர் என்றும், அது கிறிஸ்துவின் இராச்சியத்துக்கு ஒரு சாயல் போலத் தோன்றிற்று என்றும் யூசேபியு களிப்புடன் எழுதுகிறார். அப்பேராயர்களுள் சிலர் முந்தைய துன்புறுத்தலில் கண்ணிழந்தவர்கள், உடல் ஊனமுற்றவர்கள். அவர்களுடைய மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது. வாள்கள் தங்களுக்கு எதிராகத் திரும்பாத நாளை அவர்கள் முதன்முறையாகக் கண்டனர். ஆயினும் மறு ஆண்டிலேயே, 326-இல், அப்பேரரசன் தன் மூத்த மகன் கிறிஸ்பு என்பவனைக் கொல்வித்தான். அரசி பவுஸ்தாவும் விரைவில் மாண்டாள். தம் வரலாற்று நூலின் முந்திய வடிவத்தில் கிறிஸ்புவைப் புகழ்ந்திருந்த யூசேபியு, கொன்ஸ்தந்தீனின் வாழ்க்கையை எழுதுங்கால் அவன் பெயரையே குறிப்பிடவில்லை. விருந்தை விரிவாக எழுதிய அதே நூலில் இம்மௌனமும் உள்ளது.

இதற்கு எதிர்முனையில் மிலான் நகரப் பேராயர் அம்புரோசியு நிற்கிறார். 390-ஆம் ஆண்டில் தெசலோனிக்காவில் பேரரசன் தெயொதோசியுவின் ஆணையால் நடந்த படுகொலைக்குப்பின், அவன் முன்னிலையில் திருவிருந்தை நடத்தத் தம்மால் இயலாது என்று அவர் அவனுக்குக் கடிதம் எழுதினார். ஆலய வாசலில் அவனைக் கைநீட்டித் தடுத்தார் என்னும் புகழ்பெற்ற காட்சி பிற்கால ஆசிரியர் சேர்த்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். கடிதமோ உண்மையானது, பேரரசன் பலர் அறியப் பாவ அறிக்கை செய்து மீண்டும் சேர்க்கப்பட்டதும் உண்மை. அரசனுடைய பந்தியில் அவன் யாரையும் எழுப்பிவிடலாம். இந்தப் பந்தியிலோ அவனே எழுப்பப்படக் கூடியவன் என்பதை ஒரு முறையாயினும் ஒருவர் செய்து காட்டினார்.

இனி நம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். 1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணமும் மைசூரும் ஐதராபாத்தும் பம்பாயின் தென்பகுதியும் வறண்டன. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று அழைத்த கொடும் பஞ்சம் அதுவே. அப்பொழுது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் மதுரை மாவட்டமும் அதில் அகப்பட்டன. பல்லாரியும் கர்நூலும் கடப்பையும் சேலமும் இன்னும் மோசமாக அழிந்தன. 1878-இல் பஞ்சம் ஓய்வதற்குள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 இலட்சம் பேர் மாண்டனர் என்பது பலராலும் கூறப்படும் கணக்கு. இதனினும் மிகுதியாகக் கணிப்போரும் உளர்.

இப்பஞ்சத்தின் நடுவே, 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில், விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை வைசிராய் லிட்டன் பிரபு டில்லியில் நடத்தினார். அறுபதுக்கும் மேற்பட்ட சுதேச மன்னர்கள் தம் பரிவாரங்களுடன் வந்தனர். அறுபதினாயிரத்துக்கும் மிகுந்த மக்கள் கூடிய அப்பெருவிழாவில் விருந்துகள் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தன. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனும் தம் மாகாணத்தின் பஞ்சத்தை விட்டு அங்குச் செல்ல வேண்டியதாயிற்று. தர்பார் நடந்த நாட்களில் மட்டும் சென்னை, மைசூர்ப் பகுதிகளில் ஓர் இலட்சம் பேர் பட்டினியால் இறந்திருக்கலாம் என்று ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒருவரே பின்னர் மதிப்பிட்டார். அது மதிப்பீடேயாயினும், அதனை எழுதியவர் நாட்டுப்பற்றாளர் ஒருவர் அல்லர் என்பது நோக்கத்தக்கது.

லிட்டனைக் கலிகுலாவோடு ஒப்பிடுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர் கவிஞர், பண்பாளர் என்று பெயர் பெற்றவர். டில்லிப் பந்தியில் எவர் தலையும் தாலத்தில் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கியாசுத்தீனின் பந்தியில் தலைகள் இலைக்கு அருகிலேயே வீழ்ந்தன. அதனால் ஒருவராவது முகத்தைத் திருப்ப நேர்ந்தது. டில்லியில் உண்டவர்களுக்கும் வத்திராயிருப்பில் பசித்தவர்களுக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு மைல் இருந்தது. முகத்தைத் திருப்பும் தேவையும் எவர்க்கும் ஏற்படவில்லை. முற்காலக் கொடுங்கோலன் தன் விருந்தினரைச் சாட்சிகளாக்கினான். இப்புதிய ஆட்சி அவர்களைச் சாட்சி சொல்லும் கடமையிலிருந்தும் விடுவித்துவிட்டது. இரண்டனுள் கொடியது எது என்பதை நம்மால் எளிதில் தீர்மானிக்க இயலவில்லை.

கொடுமை இங்கே கணக்கேட்டின் வடிவில் வந்தது. 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்து மிகப் பலரைக் காத்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். அதிகச் செலவு செய்தார் என்று அதற்காகவே பழிக்கப்பட்டவரும் அவர். அவரே 1877 ஜனவரியில் பஞ்சப் பிரதிநிதியாகத் தெற்கே அனுப்பப்பட்டார். இம்முறை சிக்கனமே அவருக்கு இடப்பட்ட கட்டளை. நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று அவர் முடிவு செய்தார்; பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. நாள் முழுவதும் மண் வெட்டிக் கல் உடைப்பவனுக்கு உரிய கூலி அது.

அரசு அளந்து கொடுத்த அதே காலத்தில் அளவாது கொடுத்தோரும் இருந்தனர். மாயூரத்தில் முன்சீப்பாயிருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அதனைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனை பாடினார். திருநெல்வேலியில், 1877 மார்ச் 11-ஆம் நாள் கல்கத்தாவில் துணைப் பேராயர்களாக அருட்பொழிவு பெற்ற கால்டுவெல், சார்ஜென்ட் ஆகிய இருவருக்கும் முதற்பணியாய் அமைந்தது பஞ்ச நிவாரணமே. அதனையொட்டிப் பல்லாயிரவர் சபையைச் சேர்ந்தனர். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று அவர்களை ஏளனம் செய்தோர் அன்றும் இருந்தனர்; இன்றும் இருக்கின்றனர். கதவு சாத்தப்படாத வீட்டிற்குள் பசித்தவன் நுழைவதை நல்லதங்காளின் ஊரார் இழிவென்று கொள்ளமாட்டார்கள். ஆனால் தர்பாரைப் பற்றி நம் சபைத் தலைவர்கள் வாய் திறந்து பேசியதை விட, கஞ்சித்தொட்டிகளைப் பற்றி எழுதியதே மிகுதி. அவர்களும் ஒருவகையில் அப்பேரரசின் பந்தியில் இடம் பெற்றவர்களே.

பேசியவர் ஒருவர் அரசு ஊழியருள்ளேயே இருந்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராகிய மருத்துவர் வில்லியம் இராபர்ட் கார்னிஷ், டெம்பிளின் ஒரு பவுண்டு மனிதனை மெல்லக் கொல்லும் அளவு என்று வெளிப்படையாக எதிர்த்தார். வேலை செய்பவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று புள்ளிவிவரங்களுடன் வாதாடினார். மேலதிகாரியின் சினத்துக்கு அவர் அஞ்சவில்லை. 1877 மார்ச்சு மாதத்தில் சென்னை அரசு அவர் கேட்டதிற் பாதி வழி வரை இறங்கி வந்தது. அதுமுதல் வேலைத்தளத்து ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்பும் கிடைத்தன.